கை மெலிவு, வயிறு பெரிது: ஒளியால் உடற்கொழுப்பை அளப்பவர்களுக்கு

விடியற்காலையில் மதுரை வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி நடப்பவர்களைப் பாருங்கள். ஓர் உடல்வாகு திரும்பத் திரும்பக் கண்ணில் படும். கைகால் மெலிந்து, தோளெலும்பு தெரியும். சட்டைப் பித்தான் மட்டும் வயிற்றுப் பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கும். எடை பார்த்தால் 64 கிலோ, உயரத்துக்கு ஏற்ற எடைதான். நம் ஊரில் கொழுப்பை அளக்கும் ஒளிக் கருவியைக் கையில் எடுக்கிறவர் முதலில் மனதில் வைக்கவேண்டியது இந்த உடம்பைத்தான். சந்தையில் கிடைக்கும் கருவிகள் மிக மோசமாகத் தவறுவது இவரிடம்தான். சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் முன்கூட்டியே எச்சரிக்கப்பட வேண்டியவரும் இவர்தான்.

இது நம் கண்ணுக்கு மட்டும் தெரிந்த விஷயம் இல்லை. 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் புனேயின் யாஜ்னிக், லண்டனின் யுட்கின் என்ற இரண்டு மருத்துவர்கள் தங்கள் இருவர் படத்தையும் அருகருகே வெளியிட்டார்கள். இருவருக்கும் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண், ஒரே 22.3. கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். எடையும் உயரமும் சொல்லாத செய்தி அந்த 12 சதவீத இடைவெளியில் இருக்கிறது. அதைக் குத்தாமல், கதிர்வீச்சு இல்லாமல், முகாமில் வரிசையில் நிற்கும் ஐம்பது பேருக்கும் எடுத்துவிட முடியுமா என்ற ஆசையில்தான் ஒளி உள்ளே வருகிறது.

ஒளியால் அளப்பது என்று சொல்வதில் இரண்டு வேறு வேலைகள் உண்டு. ஒன்று, அகச்சிவப்பு ஒளியைத் தோலுக்குள் செலுத்தித் திரும்பி வருவதைப் பார்ப்பது. மற்றது, உடம்பின் வெளிவடிவத்தைக் கேமராவால் பிடித்து அதிலிருந்து கணக்கிடுவது. இரண்டையும் ஒன்றாகப் பேசினால் குழப்பமே மிஞ்சும்.

முதல் வகை தானியத்திலிருந்து வந்தது. அமெரிக்க வேளாண் துறையின் பெல்ட்ஸ்வில் ஆய்வகத்தில் கார்ல் நாரிஸ் அகச்சிவப்பு ஒளியால் தானியத்தின் ஈரப்பதத்தையும் புரதத்தையும் அளக்கும் முறையை வளர்த்தார். அதே கருத்தை மனித உடம்புக்குக் கொண்டுவந்த கட்டுரை கான்வே, நாரிஸ், பாட்வெல் மூவரும் 1984-இல் எழுதியது. கொழுப்பு 930 நானோமீட்டர் அருகிலும் நீர் 970 அருகிலும் ஒளியைச் சற்று அதிகமாக உறிஞ்சும். வரைபடத்தில் மேடாகத் தெரியும் இந்த இரண்டின் உயரத்தை ஒப்பிட்டால் அந்த இடத்தில் கொழுப்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று ஊகிக்கலாம். 1210 அருகே கொழுப்புக்கு இன்னும் தெளிவான மேடு உண்டு. ஆனால் சாதாரண சிலிக்கான் சென்சார் 1100-க்கு மேல் குருடு. இண்டியம் காலியம் ஆர்சனைடு சென்சார் வாங்க வேண்டும், அதன் விலை முகாம் நடத்துகிறவர் கைக்கு எட்டாது.

பின்னர் விற்பனைக்கு வந்த கைக்கருவிகள் முன்கைக்கு மேலே, புஜத்தின் முன்பக்கத்தில் ஒரே ஓர் இடத்தில் ஒளியை வைத்து, கூடவே எடை, உயரம், ஆணா பெண்ணா, உடலுழைப்பு எவ்வளவு என்று கேட்டுவிட்டு ஒரு சதவீதத்தைச் சொல்லும். அப்படி ஒரு கருவி கிடைத்தால் முதலில் இதைச் செய்யுங்கள்: ஒரே ஆளுடைய கையில் ஒரே இடத்தில் அளந்து, எடையை மட்டும் 10 கிலோ கூட்டிப் பதிந்து மறுபடி அளக்கவும். சதவீதம் எவ்வளவு நகர்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த நகர்வு முழுக்க ஒளி சொன்னதல்ல, விசைப்பலகையில் தட்டியது. எத்தனை பங்கு ஒளி, எத்தனை பங்கு சூத்திரம் என்று தெரிந்துகொள்ள இதைவிடச் சுலபமான சோதனை கிடையாது.

தெப்பக்குளத்து மனிதருக்கு வருவோம். அவர் புஜத்தில் தோலடிக் கொழுப்பு நாலைந்து மில்லிமீட்டர் இருக்கலாம். வயிற்றிலோ இரண்டு விரல் தடிமன். அதற்கும் உள்ளே, குடலைச் சுற்றி இருப்பது வேறு. கையில் வைத்த கருவி கையைப் பற்றி உண்மையைத்தான் சொல்கிறது. அதை உடம்பு முழுவதற்கும் நீட்டுகிற சூத்திரம்தான், எங்கோ வேறு மாதிரி கொழுப்பு சேரும் மக்களிடம் பொருத்தப்பட்டது. ஆகவே புஜத்தில் மட்டும் அளந்து ஒருவருக்கு "கொழுப்பு குறைவு" என்று சொல்லி அனுப்புவதை நாங்கள் தவறு என்றே கருதுகிறோம். குறைந்தது மூன்று இடம் வேண்டும்: புஜத்தின் முன்பக்கம், தொப்புளுக்கு வலப்பக்கம் 2 சென்டிமீட்டர் தள்ளி, இடுப்பெலும்பு முகட்டுக்குச் சற்று மேலே. ஆஸ்திரியாவின் கிராட்ஸில் உருவான லிப்போமீட்டர் என்ற ஒளிக்கருவி உடம்பில் 15 இடங்களில் தோலடிக் கொழுப்பின் தடிமனை எடுத்து, கொழுப்பு எங்கே படிந்திருக்கிறது என்ற வரைபடத்தையே தருகிறது. ஒற்றைச் சதவீதத்தைவிட அந்த வரைபடம்தான் நம் மக்களுக்குப் பொருந்தும்.

ஆழத்தைப் பற்றி ஒரு கணக்கு. எல்இடிக்கும் சென்சாருக்கும் இடையே 25 மில்லிமீட்டர் தூரம் என்றால், திரும்பி வரும் ஒளி பெரும்பாலும் அதன் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரையான ஆழத்தைத்தான் பார்த்துவிட்டு வருகிறது, அதாவது சுமார் 8 முதல் 12 மில்லிமீட்டர். வயிற்றுக் கொழுப்பு 25 மில்லிமீட்டர் இருந்தால் கருவி அடிமட்டத்தைத் தொடவே இல்லை. அளவு உச்சத்தில் முட்டி நிற்கும், இன்னும் 10 மில்லிமீட்டர் கூடினாலும் மாறாது. தூரத்தை 40 ஆக்கினால் ஆழம் கிடைக்கும், ஆனால் திரும்பும் ஒளி மிகவும் மங்கி இரைச்சலில் மூழ்கும். குடலைச் சுற்றிய கொழுப்பை இந்த வழியில் எந்தத் தூரம் வைத்தாலும் எட்ட முடியாது. எட்டுவதாக ஒரு விளம்பரம் சொன்னால் அது சூத்திரத்தின் ஊகம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கல்லூரி மாணவர்கள் புராஜெக்டாக இதைச் செய்யக் கேட்பதுண்டு. நல்ல வேலை, செய்யலாம். 940 நானோமீட்டர் எல்இடியை டவுன்ஹால் ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் "ரிமோட் எல்இடி" என்று கேட்டுப் பாருங்கள். 850-ம் பெரிய சிரமமில்லை. 970 மட்டும் தருவிக்க வேண்டியிருக்கும். சென்சாருக்கு ஓபிடி101 வசதி, ஒளியை மின்சாரமாக்கும் ஃபோட்டோடயோடும் பெருக்கியும் ஒரே சில்லில் இருக்கும். மின்னழுத்தத்தை எண்ணாக்க ஏடிஎஸ்1115 என்ற 16 பிட் சில்லு, கட்டுப்படுத்த ஈஎஸ்பி32 என்ற குட்டிக் கணினிச் சில்லு. எல்இடி எரிகிறதா என்று கண்ணுக்குத் தெரியாது. செல்போனின் முன்கேமராவில் பார்த்தால் ஊதா கலந்த வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். பல போன்களின் பின்கேமராவில் வடிகட்டி வலுவாக இருப்பதால் அதில் தெரியாமல் போகலாம். கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கு இமை தானாக மூடாது என்பதால் எரியும் எல்இடியை நேராகக் கண்ணருகே கொண்டுபோகக் கூடாது. லேசர் டயோடு போடலாமே என்ற எண்ணத்தை மாணவர்கள் கைவிடுவது நல்லது.

மின்சாரம் பவர் பேங்கிலிருந்துதான். மலிவான சார்ஜரில் செருகி அளந்தால் எண்கள் ஆடும். அதைவிட முக்கியம், ஒருவர் தோலைத் தொடும் கருவி சுவர் மின்சாரத்தோடு இணைந்திருக்கவே கூடாது.

அறை வெளிச்சம் அடுத்த எதிரி. வெயிலில் அகச்சிவப்பு மண்டிக் கிடக்கிறது. ஜன்னலோரம் உட்கார்ந்து அளந்தால் எல்இடி எரிந்தாலும் அணைந்தாலும் ஒரே எண் வரும். பழைய குண்டு பல்பும் அப்படித்தான். எல்இடி டியூப்லைட் ஓரளவு நல்லது, ஆனால் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விளக்குகள் வினாடிக்கு 100 முறை துடிக்கும். ஏடிஎஸ்1115-ஐ வினாடிக்கு 8 மாதிரி என்ற மெதுவான வேகத்தில் வைத்தால் இந்தத் துடிப்பு சராசரியில் அடங்கிவிடும். எப்படியும் ஒவ்வோர் அளவுக்கும் முன்னால் எல்இடியை அணைத்து ஓர் இருட்டு அளவு எடுத்துக் கழிக்கவேண்டும். எல்இடியும் சென்சாரும் பொருத்தித் தோலில் வைக்கும் முனையைச் சுற்றிக் கறுப்பு ஃபோம் ஒட்டினால் போதும் என்று நினைப்பார்கள். கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும் பல ஃபோம்களும் துணிகளும் 940-இல் வெளிறிப்போய் ஒளியைக் கடத்தும். எல்இடிக்கும் சென்சாருக்கும் நடுவே உள்ள தடுப்பு அப்படிப்பட்டதாக இருந்தால் ஒளி தோலுக்குள் போகாமலே குறுக்கே பாயும். முனையை வெறும் காற்றில் இருட்டறையில் பிடித்து எல்இடியை எரித்துப் பாருங்கள். சுழியத்துக்கு மேல் எண் வந்தால் ஒழுகல் இருக்கிறது. ஒரு துண்டு அலுமினியத் தாளைத் தடுப்புக்குள் ஒட்டினால் சரியாகும்.

வெள்ளை ஒப்பீட்டுக்கு டெஃப்லான் கட்டி, ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாத தடிமனில். ஒவ்வோர் ஆளுக்கு முன்பும் அதில் வைத்து ஓர் அளவு. கணக்கு இதுதான்: டெஃப்லான் அளவிலிருந்து இருட்டைக் கழித்து, அதைத் தோல் அளவிலிருந்து இருட்டைக் கழித்ததால் வகுத்து, 10 அடிமான லாக் (மடக்கை) எடுக்க வேண்டும். டெஃப்லான் 1.840 வோல்ட், தோல் 0.655, இருட்டு 0.021 என்றால், 1.819 ஐ 0.634 ஆல் வகுத்து லாக் எடுக்க 0.458 வரும். இதை ஒவ்வோர் அலைநீளத்துக்கும் எடுத்து, அவற்றின் வேறுபாட்டைப் பார்க்க வேண்டும். தனி ஓர் அலைநீளத்தின் எண்ணுக்குப் பொருள் குறைவு.

ஆனால் டெஃப்லான் எல்லாவற்றையும் சரிசெய்துவிடாது. இங்கேதான் மதுரை வெயில் வேலையைக் காட்டும். எல்இடியின் அலைநீளம் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.3 நானோமீட்டர் நகரும். ஏசி அறையில் 26 டிகிரியில் அளந்ததையும், மதியம் 38 டிகிரியில் மண்டபத்தில் அளந்ததையும் ஒப்பிட்டால் 12 டிகிரி வேறுபாடு, சுமார் 3.6 நானோமீட்டர் நகர்வு. கொழுப்பு மேட்டுக்கும் நீர் மேட்டுக்கும் இடைவெளியே 40 தான். போதாததற்கு, சாதாரண எல்இடியின் ஒளிப்பட்டையின் அகலமும் 40, 50 நானோமீட்டர் இருக்கும், இரண்டு மேடுகளும் ஏற்கெனவே ஒன்றில் ஒன்று கலந்துதான் தெரிகின்றன. வெப்பத்தால் வெளிச்சம் மங்குவதை டெஃப்லான் ஈடுகட்டும். அலைநீளம் நகர்வதை அதனால் ஈடுகட்ட முடியாது. ஆகவே சித்திரை, வைகாசியில் காலை 6 முதல் 8 மணிக்குள் முடித்துவிடுங்கள், அறை வெப்பநிலையையும் எழுதிவையுங்கள்.

முனையை ஆள்மேல் வைக்குமுன் கறிக்கடைக்குப் போய்வருவது பயன் தரும். பன்றிக்கறியானாலும் ஆட்டுக்கறியானாலும் கொழுப்பில்லாத சதைத் துண்டு ஒன்று, கொழுப்புத் தனியாக ஒன்று வாங்கி, கொழுப்பை 3, 6, 10, 15 மில்லிமீட்டர் தகடுகளாகச் சீவிக்கொள்ளவும். சதைமேல் ஒவ்வொன்றாக வைத்து, மெல்லிய பிளாஸ்டிக் தாளால் காற்றுக் குமிழி இல்லாமல் போர்த்தி அளக்கவும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் வைத்தால் வெளியே நீர்த்துளி கோத்துக்கொண்டு 970 அளவைக் கெடுக்கும். அறைச் சூட்டுக்கு வந்த பிறகே தொடங்கவேண்டும். தடிமனுக்கு எதிராக எண்களைக் கோடாக வரைந்தால் முதலில் ஏறி, ஓரிடத்தில் படுத்துவிடும். அந்த இடம்தான் உங்கள் கருவியின் எல்லை. அதற்கு மேற்பட்ட தடிமன் உள்ள வயிற்றில் அந்தக் கருவி "இதற்கு மேல்" என்று மட்டுமே சொல்ல முடியும், அறிக்கையிலும் அப்படித்தான் எழுத வேண்டும். கறியில் ரத்த ஓட்டம் இல்லாததால் அந்த எண்களை அப்படியே மனிதருக்குப் போட்டுவிடக் கூடாது. கோட்டின் வடிவம் மட்டும்தான் பாடம்.

தோல் நிறம் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரைக்கே பொருளில்லை. தோலுக்கு நிறம் தரும் மெலனின் எல்லா அலைநீளத்திலும் ஒளியை விழுங்கும், அலைநீளம் கூடக்கூடக் குறையும். 660 நானோமீட்டரில் அது விழுங்குவது 940-இல் விழுங்குவதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி கறுத்த தோலில் குறைபாட்டைத் தவறவிடுகிறது என்று 2020-இல் அமெரிக்க மருத்துவமனைகளின் தரவில் வெளிவந்ததே, அதன் அடிப்படையும் இந்த இரண்டு அலைநீளங்கள்தான். வயலில் நிற்கும் மேலூர்க்காரரின் புஜத்துக்கும் கடைக்குள் உட்கார்ந்திருப்பவரின் புஜத்துக்கும் உள்ள நிற வேறுபாட்டைக் கொழுப்பு வேறுபாடு என்று கருவி படித்துவிடக் கூடாது. இதற்கு நல்ல வழி இரண்டு சென்சார் வைப்பது: எல்இடியிலிருந்து 15 மில்லிமீட்டரில் ஒன்று, 25-இல் ஒன்று. ஒளி இரண்டுக்குமே தோலின் மேலடுக்கை உள்ளே போகும்போது ஒருமுறை, வெளியே வரும்போது ஒருமுறை கடக்கிறது. இரண்டின் லாக் அளவுகளைக் கழித்தால் மேல்தோலின் பங்கு பெரும்பாலும் அடிபட்டுப்போகும், உள்ளடுக்கின் பங்கு மிஞ்சும். ஒரே சென்சார் உள்ள கருவிக்கு இந்த வசதி இல்லை.

மஞ்சள் பூசியிருந்தால் அகச்சிவப்புக்குப் பெரிய தொல்லையில்லை, அது நீல ஒளியைத்தான் விழுங்கும். விபூதியும் பவுடரும் ஒளியைச் சிதறடிக்கும், ஈரத்துணியால் துடைத்து உலரவிட வேண்டும். எண்ணெய் தேய்த்துக் குளித்த நாளிலும் வியர்வை வழியும் தோலிலும் அளவு மாறும், வியர்வை என்பது தோல்மேல் படிந்த நீர்ப்படலம், கருவி அதை உள்ளே இருக்கும் நீரோடு சேர்த்துக் கணக்குப் போடும். பச்சை குத்திய இடத்தை முற்றிலும் தவிருங்கள். கிராமத்துப் பாட்டிமார் கையிலிருக்கும் பழைய பச்சையில் உள்ளது கரி, எந்த அலைநீளத்திலும் அது கறுப்புதான்.

முனையை அழுத்தினால் ரத்தம் ஒதுங்கும், கொழுப்பு நசுங்கும், எண் குறையும். எவ்வளவு அழுத்துவது என்பதைக் கைக்கு விடாமல், ஆளைப் படுக்கவைத்து, சுமார் 100 கிராம் எடையுள்ள முனையை அதன் சொந்த எடையிலேயே தோல்மேல் இருத்திவிடலாம். எடுத்து எடுத்து மறுபடி வைத்து ஐந்து அளவு, நடு எண்ணை எழுதவும். எடுக்காமலே ஐந்துமுறை பொத்தானை அழுத்தினால் ஐந்தும் அழகாக ஒத்துவரும், அந்த ஒற்றுமைக்கு எந்த மதிப்பும் கிடையாது.

இனி வடிவத்தைப் பிடிக்கும் வகை. ஜிம்களில் சுழலும் மேடையில் நிறுத்தி எடுப்பதும், செல்போனில் முன்பக்கம் ஒன்று பக்கவாட்டில் ஒன்று என்று இரண்டு படம் எடுத்து எண் சொல்வதும் இதில் அடக்கம். இங்கே ஒளி தோலுக்குள் போவதே இல்லை. ஆனால் நம் தொப்பைக்கார நண்பருக்கு இதுதான் பொருத்தம், ஏனென்றால் உள்ளே சேர்ந்த கொழுப்பும் வயிற்றை வெளியே தள்ளுகிறது, வெளிவடிவம் அதை மறைக்காது.

வடிவத்திலிருந்து கன அளவு, கன அளவிலிருந்து அடர்த்தி, அடர்த்தியிலிருந்து சதவீதம் என்று நேராகப் போகலாமே என்று தோன்றும். சிரி என்பவர் 1961-இல் தந்த சூத்திரம் அதற்குத்தான்: 495 ஐ அடர்த்தியால் வகுத்து 450 ஐக் கழிப்பது. 70 கிலோ ஆளின் அடர்த்தி 1.050 என்றால் கன அளவு 66.67 லிட்டர், கொழுப்பு 21.4 சதவீதம். கேமரா கன அளவை 1 சதவீதம் மட்டும் கூட்டிச் சொன்னால் 67.33 லிட்டர், கொழுப்பு 26.1 சதவீதம். முக்கால் லிட்டர்கூட இல்லாத பிழை ஐந்து புள்ளியைத் தூக்கிவிட்டது. சாதாரணமாக மூச்சுவிட்ட பிறகும் நுரையீரலில் இரண்டு லிட்டருக்கு மேல் காற்று இருக்கும் என்பதை நினைத்தால், இந்த வழி ஏன் கேமராவுக்கு ஒத்துவராது என்று புரியும். ஆகவே ஸ்கேனர்கள் பொதுவாகச் சுற்றளவுகளையும் வடிவத்தையும் எடுத்து, டெக்ஸா ஸ்கேன் (எக்ஸ்ரேயால் கொழுப்பு, சதை, எலும்பைப் பிரித்து அளப்பது) செய்யப்பட்ட மனிதர்களோடு ஒப்பிட்டு எண் சொல்கின்றன. உங்களைப்போன்ற உடம்புகள் அந்த ஒப்பீட்டுக் கூட்டத்தில் இருந்தனவா என்பதுதான் விற்பனையாளரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

நாடாவிலும் இதையே செய்யலாம். அமெரிக்கக் கடற்படைக்காக ஹாட்ஜ்டன், பெக்கெட் இருவரும் 1984-இல் தந்த ஆண்களுக்கான சூத்திரம், சென்டிமீட்டரில்: வயிற்றுச் சுற்றளவிலிருந்து கழுத்தைக் கழித்து லாக் எடுத்து 0.19077 ஆல் பெருக்கி, அதை 1.0324 இலிருந்து கழிக்கவும். உயரத்தின் லாக்கை 0.15456 ஆல் பெருக்கிக் கூட்டவும். வந்ததால் 495 ஐ வகுத்து 450 ஐக் கழிக்கவும். உயரம் 168, கழுத்து 38, தொப்புள் மட்டத்தில் வயிறு 94 என்றால் 24.7 சதவீதம். வயிறு 96 என்றால் 26.0. அதாவது 2 சென்டிமீட்டர் தவறினால் 1.3 புள்ளி. மூச்சை உள்ளிழுத்துப் பிடித்தால் 2 சென்டிமீட்டர் என்ன, 5 சென்டிமீட்டரும் போகும்.

மூச்சை இழுப்பது ஆண்களின் அனிச்சை. "இழுக்காதீங்கண்ணே" என்று சொன்னால் இன்னும் இழுப்பார்கள். "எந்த ஊருண்ணே, எந்த பஸ்ல வந்தீங்க?" என்று கேட்டுவிட்டு, அவர் பதில் சொல்லி முடிக்கும் இடத்தில் படத்தை எடுங்கள். பேச்சு முடியும்போது மூச்சு தானாக வெளியே போயிருக்கும். நாடாவுக்கும் ஸ்கேனருக்கும் இந்த ஒரு பழக்கம் தரும் நன்மையை வேறு எந்த விலை உயர்ந்த கருவியும் தராது. சாப்பிடுமுன், மலம் கழித்த பிறகு அளப்பதும் அதே அளவு முக்கியம். புரோட்டா சாப்பிட்ட இரவின் வயிற்றையும் வெறும் காலை வயிற்றையும் ஒப்பிட்டு யாரும் மகிழவோ வருந்தவோ வேண்டியதில்லை.

செல்போன் படத்தில் தூரம்தான் எல்லாம். இரண்டு மீட்டரில் நிற்கும் ஆளின் தொப்பை 10 சென்டிமீட்டர் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தால், அது கேமராவுக்கு அவ்வளவு நெருக்கம் என்பதால் 5 சதவீதம் பெரிதாகத் தெரியும். 32 சென்டிமீட்டர் அகலத்தில் இது 1.7 சென்டிமீட்டர். மூன்று மீட்டர் தூரத்துக்குத் தள்ளிப் போனால் பிழை 3.4 சதவீதமாகக் குறையும். ஆகவே இடம் இருக்கும்வரை தள்ளிப்போங்கள், அகலக்கோண லென்ஸைத் தவிருங்கள், போனை ஆளின் வயிற்று உயரத்தில் ஸ்டாண்டில் செங்குத்தாக நிறுத்துங்கள். தரையில் இன்சுலேஷன் டேப்பால் கால் வைக்கும் இடத்தைக் குறித்துவிட்டால் அடுத்த மாதமும் அதே இடம். படத்திலிருந்து கையால் கணக்குப் போட விரும்புகிறவர்கள் வயிற்றின் அகலத்தையும் பக்கவாட்டு ஆழத்தையும் கூட்டிப் பாதியாக்கி 3.14 ஆல் பெருக்கினால் போதும்: 31-ம் 24-ம் என்றால் 86 சென்டிமீட்டர் சொச்சம். நீள்வட்டத்துக்கான முறையான கணக்கும் 86.7 தான் தரும்.

ஆழம் பார்க்கும் கேமராக்கள் அகச்சிவப்புப் புள்ளிகளையோ துடிப்புகளையோ வீசி வேலை செய்பவை. கதவு திறந்த மண்டபத்தில் வெயில் நேராக விழுந்தால் வடிவத்தில் ஓட்டைகள் விழும். திரை போடுங்கள். வேட்டி, லுங்கி, தொளதொள நைட்டி எதிலும் வடிவம் கிடைக்காது. உடம்பை ஒட்டிய அரைக்கால் சட்டை, பெண்களுக்கு ஒட்டிய லெக்கிங்ஸும் டீ-ஷர்ட்டும். பெண்களை அளப்பது பெண்தான், மறைப்புக்குள்தான். கொண்டையை உயர்த்திக் கட்டி மல்லிகைப் பூவைக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள், பின்னலும் பூவும் கழுத்தோடு சேர்ந்து கழுத்துச் சுற்றளவைப் பெருக்கும், கழுத்து பெருத்தால் சூத்திரம் கொழுப்பைக் குறைத்துக் காட்டும். தாலியைக் கழற்றச் சொல்லாதீர்கள். "அக்கா, செயினை உள்ள விட்டுக்கோங்க" என்றால் போதும். அரைஞாண் கயிறு வயிற்று மட்டத்தில் பள்ளம் போடும், அதைக் கீழே தள்ளிவிட வேண்டும்.

படங்கள் எங்கே போகின்றன என்று முன்கூட்டியே கேளுங்கள். அரை உடையில் எடுத்த படம் வெளியூர் சர்வருக்குப் போகிறதென்றால் ஆளிடம் அதைத் தமிழில் சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும். எண்ணை எடுத்தபின் படத்தை அழித்துவிடுவதே எங்கள் பரிந்துரை. சேவைகள் நிலைப்பதும் இல்லை. அமேசானின் ஹேலோ 2020-இல் செல்போன் படத்திலிருந்து கொழுப்புச் சதவீதம் சொல்லத் தொடங்கி 2023-இல் மூடப்பட்டது. எண்கள் உங்கள் நோட்டிலும் இருக்க வேண்டும்.

ஒளிக் கருவியின் எண்ணை ஒருமுறையாவது டெக்ஸாவோடு ஒப்பிட விரும்பினால், ஸ்கேன் மையத்தில் போன் போட்டு "முழு உடல் காம்போசிஷன் எடுப்பீர்களா" என்று தெளிவாகக் கேளுங்கள். முதுகெலும்பு, இடுப்பெலும்பு அடர்த்தி மட்டும் எடுக்கும் இடங்கள் உண்டு, அங்கே போய்த் திரும்புவது வீண் அலைச்சல். அது எக்ஸ்ரே என்பதால் கர்ப்பிணிகளுக்கு ஆகாது. அல்ட்ராசவுண்டில் கொழுப்புத் தடிமனை மிகத் துல்லியமாகப் பார்க்கலாம்தான், ஆனால் ஜிம்மில் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். கருவிலேயே பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பதிவில்லாத இடத்தில் அந்த எந்திரம் இருக்கக் கூடாது.

அளந்து முடித்தவர் கையில் என்ன கொடுப்பது? ஒரே ஒரு சதவீதத்தைப் பெரிதாக அச்சடித்துக் கொடுத்தால் அவர் அதை மட்டும் பிடித்துக்கொள்வார். 21.3 என்றிருந்தது 22.1 ஆனதும் பட்டினி கிடப்பார், அந்த வேறுபாடு கருவியின் ஆட்டத்துக்குள் அடங்கியது என்பது அவருக்குத் தெரியாது. சீட்டின் மேல்வரியில் வயிற்றுச் சுற்றளவைச் சென்டிமீட்டரில் எழுதுங்கள், பக்கத்தில் இந்தியர்களுக்கான எல்லையான ஆண் 90, பெண் 80. அடுத்த வரியில் புஜம், தொப்புளோரம், இடுப்பு மூன்று இடங்களின் அளவுகள் தனித்தனியாக. தேதி, நேரம், அறை வெப்பம், சாப்பிட்டாரா இல்லையா, அளந்தவர் பெயரின் முதலெழுத்து. சதவீதம் கடைசி வரியில், "21 முதல் 27-க்குள்" என்பதுபோல ஒரு வீச்சாக. அந்த வீச்சை ஊகிக்க வேண்டாம்: ஒரே காலையில் ஒரே ஆளை நிற்கவைத்து, போகச் சொல்லி, மறுபடி அழைத்து ஆறுமுறை அளந்தால் உங்கள் கருவியின் ஆட்டம் கிடைக்கும், அதோடு டெக்ஸாவிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதையும் சேர்க்கவேண்டும். மறுபடி அளக்க எட்டு வாரம் கழித்து, அதே கிழமை, அதே நேரம், அதே ஆள் கையால். கை அளவு மாறாமல் நிற்க, வயிற்று அளவு 3 சென்டிமீட்டர் இறங்கியிருந்தால் அதை முதலில் அவரிடம் சொல்லுங்கள். சதவீதத்தை அவர் கேட்டால் சொல்லலாம்.